அப்பச்சனின் மூடி

குன்னங்குளத்தில் லிஜியை 'மோளே' என்று கூப்பிடாத ஆளே கிடையாது. மீன்கூடையோடு வாசலில் நிற்கும் கத்ரீனச் சேடத்தி, "மோளே, மத்தி இன்னைக்கு மினுமினுன்னு இருக்கு, வந்து பாரு" என்பாள். பஸ் கண்டக்டர் அவளைவிடச் சின்னவனாகவே இருப்பான். அவனும் "உள்ள தள்ளி நில்லு மோளே" என்று விரட்டுவான். மகளே என்றுதான் அர்த்தம், ஆனால் அந்தப் பக்கத்தில் அது சும்மா வாயில் வருகிற சொல். யாரும் யோசித்துச் சொல்வதில்லை. அப்படிப்பட்ட ஊரில் பெற்ற அப்பன் ஒருவர் மட்டும் அந்தச் சொல்லை நிறுத்திவிட்டார் என்றால், அந்தப் பெண்ணுக்கு எப்படி இருந்திருக்கும்? நீங்களே சொல்லுங்கள்.

நிறுத்தியதற்குக் காரணம் இருந்தது. லிஜி அப்போது கொச்சியில் வேலை பார்த்தாள், கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதுகிற வேலை. ஒரு வெள்ளிக்கிழமை மழையில் வந்து பஸ் ஸ்டாண்டில் இறங்கியவள் தம்பி ஸாவியோவுக்குப் போன் போட்டாள். "டேய், பைக் எடுத்துட்டு வாடா. உன் சேச்சி நனைஞ்சுட்டு நிக்கறேன்." ஆட்டோ நின்றுகொண்டிருந்தது, அதுவும் வரிசையாக. தம்பியோடு பைக்கில் வம்பளந்துகொண்டே போகலாமே என்று ஓர் ஆசை, அவ்வளவுதான். பாறேம்பாடம் வளைவில் ஒரு லாரி. ஸாவியோ பஸ் ஸ்டாண்டு வரை வந்து சேரவில்லை.

அவர்களுக்கு அப்பா என்றால் அப்பச்சன். அப்பச்சன் ஐப்பு ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட "நீ ஏன் மோளே போன் பண்ணினே" என்று கேட்டு அழுதார்கள், அவர் கேட்கவில்லை. முன்பெல்லாம் அவர் கேட்டைத் திறக்கும்போதே குரல் முந்திக்கொண்டு வரும். "மோனே, மோளே!" மகனையும் மகளையும் ஒரே மூச்சில், ஒரே சொல்லைப் போல. பின்னாலேயே பருப்புவடைப் பொட்டலம் வரும். அடக்கத்துக்குப் பிறகு கேட் சத்தம் மட்டும் வந்தது. அவளிடம் ஏதாவது வேண்டுமென்றால் "லிஜி" என்றார். மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது ஒரு குற்றமா? குற்றமில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் அவளுக்கு உள்ளே ஏதோ அறுந்தது.

அம்மா முன்பே போய்விட்டிருந்ததால் அவரைத் தனியே விட மனமில்லை. கொச்சிக்காரர்களிடம் கெஞ்சி, வீட்டிலிருந்தே வேலை செய்கிற ஏற்பாடு வாங்கிக்கொண்டாள். கப்பைக்கிழங்கு வேகவைத்தாள், புளியிட்டு மீன் வைத்தாள், மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். சாயங்கால ஜெபம் முடிந்ததும் அவர் உள்ளறைக்குப் போய்ப் பழைய லேப்டாப் முன் உட்காருவார். அவள் அடுக்களையில் பாத்திரம் தேய்ப்பாள். முதலில் சில தட்டல்கள் கேட்கும், கடைசித் தட்டு மட்டும் கொஞ்சம் தயங்கி விழும். அப்புறம் நெடுநேரம் தட்டச்சு. முடிக்கும்போது மறுபடி அதே சில தட்டல்கள், அதே தயக்கம். பிறகு லேப்டாப் மடங்கும் சத்தம்.

அந்தத் தட்டல்கள் என்னவென்று லிஜிக்குத் தெரியும். ஐப்பு அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். கம்ப்யூட்டர் வந்தபோது அதிலும் மலையாளத்தை நுழைத்தே தீருவேன் என்று தானாகப் படித்து நிரல் எழுதியவர். ஐகான், ஜன்னல் எதுவும் அவருக்குப் பிடிக்காது. கறுப்புத் திரையில் கட்டளையை எழுத வேண்டும், அதையும் மலையாளத்தில் எழுத வேண்டும். அப்படி அவர் செய்த சின்னக் கருவி ஒன்றுக்கு 'மூடி' என்று பெயர். மூடி என்று அடித்து, பைலின் பெயரை அடித்தால், அது ஒரு சாவிச்சொல் கேட்கும். அந்தச் சொல்லின் எழுத்துகளை ஒன்றுக்கு ஒன்றாக, சொல் தீர்ந்தால் மறுபடி முதலிலிருந்து, பைலின் எழுத்துகளோடு பின்னிக் கலைத்துக் குப்பையாக்கிவிடும். அதே சொல்லை இன்னொரு தடவை கொடுத்தால் பின்னல் அவிழ்ந்து பழையபடி ஆகும். மூடவும் திறக்கவும் ஒரே கட்டளைதான். சொல்லை அடிக்கும்போது திரையில் ஒன்றும் தெரியாது.

"இது பூட்டு இல்ல, மூடி" என்று முன்பு பிள்ளைகளிடம் சொல்லிச் சிரிப்பார். "திருடன் வந்தா உடைச்சிடுவான். எட்டிப் பாக்கறவங்களுக்குத்தான் இது, உங்க ரெண்டு பேரையும் மாதிரி."

ஒரு காலையில் அவர் எழுந்திருக்கவில்லை. காப்பி ஆறிப்போனதைப் பார்த்துத்தான் லிஜி உள்ளே போனாள்.

சடங்கெல்லாம் முடிந்து, வந்தவர்கள் போய், வீடு வெறிச்சோடின பிறகு அவள் லேப்டாப்பைத் திறந்தாள். 'வர்த்தமானம்' என்று ஒரே ஒரு பைல். நமக்கு வர்த்தமானம் என்றால் ஏதோ இலக்கணப் பாடம். அவர்களுக்கு அது வெறும் பேச்சு, அரட்டை. அப்பச்சன் யாரோடு பேசிக்கொண்டிருந்தார்? உடைக்க வேண்டுமென்று உட்கார்ந்தால் லிஜியால் உடைக்க முடியும், அவள் தொழிலே அதுதான். அவளுக்கு உடைக்க வேண்டாம். அந்தச் சொல் வேண்டும். அவர் தினமும் எதை அடித்தார் என்பது வேண்டும்.

கீபோர்டில் அப்பச்சன் வைத்திருந்த விசை வரிசை அவளுக்கு வராது. போனில் அடிப்பதுபோல ஒலியை அடித்தால் மலையாளமாகிற தன்னுடைய முறையை அதில் ஏற்றிக்கொண்டாள். முதலில் 'மகள்' என்று அடித்தாள். திரையில் 'மோ' என்று ஓர் எழுத்து வந்தது (கம்ப்யூட்டர் கணக்கில் ம-வும் ஓகாரக் குறியுமாக இரண்டு), அதற்குப் பின் முழுக்கக் குப்பை.

அவள் திரைக்கு இன்னும் கிட்டே குனிந்தாள். மோ! அடுத்து 'ளே' வந்தால் அவள். 'னே' வந்தால் ஸாவியோ. மறுபடி 'மகள்' போட்டு மூடிவிட்டு, 'மகன்' என்று அடித்தாள். அப்போதும் 'மோ', அப்புறம் குப்பை. 'மக்கள்' போட்டாள். அதே 'மோ', அதே குப்பை. சாவி 'மக' என்று தொடங்குகிறது என்பது மட்டும் தெளிவாகப் புரிந்தது, முடிவு மாட்டவில்லை. மகன் ஸாவியோ, மகன் கண்மணி என்று என்னென்னவோ ஒட்டிப் பார்த்தாள், ஒவ்வொன்றையும் ஒழுங்காகத் திரும்ப மூடிக்கொண்டே. பிற்பாடு சலித்துப்போய் உட்கார்ந்தபோது தோன்றியது: அது அப்பனுக்கும் மகனுக்கும் நடுவே இருந்த ஏதோ ஒரு செல்லச்சொல். இவளுக்குத் தெரியாத சொல். தெரியக் கூடாது என்றே வைத்த சொல். மகள் என்று அடித்துப் பார்த்தாளே முதலில், என்ன நெஞ்சழுத்தம் அவளுக்கு!

அந்த ஆத்திரத்தில் கடைசியாக ஒரு சொல்லை அடித்தாள். கொலைபாதகி. என்டரைத் தட்டி, லேப்டாப்பை அறைந்து மூடினாள். திரும்ப எடுத்துவிடவில்லை. குப்பைமேல் அவளுடைய சொல்லும் ஒரு பின்னலாக ஏறி உட்கார்ந்துகொண்டது. முதல் வேலையாக ஒரு நகல் எடுத்து வைத்திருக்க வேண்டாமா? ஆபீஸில் புதிதாகச் சேருகிற பிள்ளைகளை இதற்காகத்தான் அவள் நிற்க வைத்துத் திட்டுவாள். துக்கம் வந்தால் படித்ததெல்லாம் எங்கே நிற்கிறது?

அதன்பின் அந்த லேப்டாப்பை அவள் தொடவில்லை. மொய்துட்டி வரும்வரை அது அலமாரியில் கிடந்தது.

மொய்துட்டி யாரென்று சொல்லிவிடுகிறேன். பொன்னானிக்காரர், ஐப்புவின் உயிர்நண்பர், ஜென்ம விரோதி. இரண்டும் ஒரே ஆள்தான். மலையாளத்தில் சொல்லின் கடைசியில் ன், ள் வந்தால் நம்மைப்போல மேலே புள்ளி வைக்க மாட்டார்கள். எழுத்தே வாலைச் சுழற்றி வேறு உருவம் எடுத்துக்கொள்ளும். அதற்குச் சில்லு என்று பெயர். இந்தச் சில்லைக் கம்ப்யூட்டருக்குள் எப்படி வைப்பது என்று, இவர்களைப் போலக் கம்ப்யூட்டரில் மலையாளம் ஏற்றியவர்கள் கூட்டத்தில் வருஷக்கணக்கில் சண்டை நடந்தது. "சில்லு தனி எழுத்து, அதுக்குத் தனி இடம் குடு" என்றார் மொய்துட்டி. "ள-வோட உயிரை வெட்டி, கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒட்டைப் போட்டா சில்லு. வெட்டினதைத் தனி ஆளுன்னு சொல்லுவியா நீ?" என்றார் ஐப்பு. இதைக் கேட்டால் நமக்குச் சிரிப்பு வரும். அவர்கள் சிரிக்கவில்லை. மொய்துட்டி வீட்டு நிக்காஹுக்கு ஐப்பு போகவில்லை. ஸாவியோவின் அடக்கத்துக்கு மொய்துட்டி வந்து கல்லறை வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பினார். கடைசியில் தனி எழுத்துக் கட்சிதான் ஜெயித்தது. புதிய கருவிகளிலெல்லாம் அதுவே வழக்கமாயிற்று.

ஐப்பு செத்தபோது அவர் துபாயில் மகன் வீட்டில் இருந்தார். திரும்பி வந்த உடனே பஸ் பிடித்து வந்துவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்ததும் சுவரிலிருந்த படத்தைப் பார்த்து வசைபாடத் தொடங்கினார்.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டியேடா, ஹமுக்கே! யாரோட இனிமே நான் சண்டை போடறது?"

லிஜி பால் விடாமல் எலுமிச்சை பிழிந்த கட்டஞ்சாயா கொண்டுவந்து வைத்தாள். "குடிங்க இக்கா, ஆறிடும்."

"நீ சாப்பிடறியா மோளே? குச்சியாட்டம் ஆயிட்டியே."

"சாப்பிடறேன்." அலமாரியைத் திறந்து லேப்டாப்பை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "இதை எடுத்துட்டுப் போங்க இக்கா. உங்க ஊர் வாசகசாலைப் பிள்ளைங்களுக்கு ஆகும். உள்ள இருக்கறதை எல்லாம் அழிச்சிடுங்க."

"எல்லாத்தையுமா? உங்கப்பன் எழுதினது ஏதாவது இருக்குமே."

"ஒரு பைல்தான் இருக்கு. எனக்கு எழுதினது இல்ல. எனக்குத் திறக்கவும் இல்ல. அழிச்சிடுங்க."

மொய்துட்டி அவள் முகத்தைப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தார். எதையோ தட்டினார். திடீரென்று சத்தமாகச் சிரித்தார், சிரிப்பின் பாதியிலேயே அழுகை வந்துவிட்டது.

"பாரு மோளே, இந்த முரட்டுக் கழுதையைப் பாரு! ஊரே மாறியாச்சு, பால்குடி மறக்காத பொடிசுங்க போன்லகூட மாறியாச்சு. இவன் கடைசி வரைக்கும் அந்தப் பழைய கீபோர்டையே வச்சுட்டு, ஒட்டு போட்டுப் போட்டே சில்லு அடிச்சிருக்கான்."

டம்ளரை எடுக்கக் குனிந்த லிஜி அப்படியே நின்றாள்.

"இக்கா, இப்ப என்ன சொன்னீங்க?"

"ஒட்டு போட்டுச் சில்லு அடிச்சிருக்கான்னேன்."

"நான் அடிச்சா?"

"நீ எதுல அடிச்சே? போன் மாதிரி அடிக்கறதா? அது புதுசு. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான், ஒரு வித்தியாசம் தெரியாது. வயித்துக்குள்ள வேற. இதுக்குத்தானே அவன்கிட்ட அன்னிக்கே தலைபாடா அடிச்சுக்கிட்டேன்..."

அவர் பேசிக்கொண்டே போனார், அவள் காதில் விழவில்லை. மகள், மகன், மக்கள், அவள் போட்ட சொல் அத்தனையிலும் சில்லு இருந்தது. அவள் சரியான சொல்லைத்தான் அடித்திருக்கிறாள். கடைசி எழுத்தின் வயிறு மட்டும் வேறு. எது சரி, மகனா மகளா, அதுதான் இன்னும் தெரியாது.

"நகருங்க இக்கா" என்று அவர் மடியிலிருந்து லேப்டாப்பைப் பிடுங்காத குறையாக எடுத்தாள்.

முதலில் அவளுடைய சொல்லை எடுக்க வேண்டும். தன்னுடைய கீபோர்டுக்கு மாறினாள். கொலைபாதகி என்று மறுபடி அடித்தாள். பக்கத்தில் மொய்துட்டி பார்த்துக்கொண்டுதான் இருந்தார், ஆனால் திரையில் ஒன்றும் தெரியவில்லை. அவள் உதடு துடித்ததை மட்டும் பார்த்தார். பிறகு அப்பச்சனின் கீபோர்டுக்கு மாற்றினாள்.

"எழுத்து எங்க எங்க இருக்குன்னு மட்டும் காட்டுங்க. ம... க..."

"இதோ, இதோ."

"ன."

ஆசை இருந்த இடத்தில் கை வைக்கப் பயந்துதான் அவள் மகனை முதலில் போட்டாள். மொய்துட்டி வெட்டுக்குறியைக் காட்டினார், ஒட்டைக் காட்டினார். லிஜி என்டரைத் தட்டினாள்.

பக்கம் முழுக்க மலையாளம். முதல் சொல்: மோளே.

"பாத்தியா!" மொய்துட்டி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "உனக்குத்தான் எழுதியிருக்கான்! உனக்கு எழுதினது இல்லைன்னியே, கிறுக்கச்சி! படி, படி!"

லிஜிக்குக் கண் மறைத்தது. துப்பட்டாவால் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். மோளே. அந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது. அப்படிப் பார்த்திருந்தால் தீர்ந்திருக்கும். பாழும் கண், அடுத்த வரிக்குப் போனது. ஒவ்வொரு சொல்லும் புரிகிறது, ஆனால் அங்கங்கே ஓர் எழுத்து புரண்டு கிடக்கிறது. இடைவெளி இருக்க வேண்டிய இடத்தில் அரைப்புள்ளி. அம்மை போட்ட முகம்போலப் பக்கம் முழுக்க.

"வயசாச்சுல்ல, கை நடுங்கியிருக்கும்" என்றார் மொய்துட்டி.

"இல்ல இக்கா." புரண்ட எழுத்துகளை விரலால் தொட்டு எண்ணினாள், ஐந்துக்கு ஒன்று. "சாவியில ஒரு எழுத்து தப்பு."

சொல்லும்போதே அவளுக்குக் கணக்குப் புரிந்துவிட்டது, மொய்துட்டிக்கும் புரிந்துவிட்டது. இருவரும் அந்தத் தொழில்காரர்கள். சாவியின் மூன்றாவது எழுத்து தப்பு. அதனால் பைலின் மூன்றாவது எழுத்தும் புரண்டிருக்கிறது. ள இருக்க வேண்டிய சாவியில் இவள் ன போட்டாள். அதனால் ன இருக்கிற சொல்லில் ள வந்து நிற்கிறது. மகன் என்று திறந்தால் மோளே. மகள் என்று திறந்தால் மோனே. சொல்லிலும் சாவியிலும் இரண்டிலுமாக அவள் இருக்க முடியாது.

மொய்துட்டி மெதுவாக உட்கார்ந்தார். "விடு மோளே. இப்படியே இருக்கட்டும். படிச்சா புரியுதுல்ல? உங்கப்பன் மேல ஆணையா நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"பொய்யா கூப்பிட்டா எனக்கு வேணாம் இக்கா."

மகன் என்று மறுபடி போட்டு மூடினாள். இந்தத் தடவை அவர் காட்ட வேண்டியிருக்கவில்லை. ம, க, ள, வெட்டு. ஒட்டுக்கு மட்டும் விரல் ஒரு கணம் தேடி, தயங்கி விழுந்தது.

மோனே.

ஒரு புள்ளி பிசகில்லாமல் பக்கம் தெளிந்து நின்றது. லிஜி படித்தாள்.

"மோனே, இன்னைக்கு மழை. அவ குடை எடுக்காம மருந்து வாங்கப் போயிட்டா. வர்ற வரைக்கும் கேட்டுல நின்னேன். தலை தெரிஞ்சதும் உள்ள வந்துட்டேன்."

"மோனே, கப்பையில உப்பு ஜாஸ்தி. சொல்லல. சொன்னா பேச்சு வளரும். பேச்சு வளர்ந்தா அவளைக் கூப்பிடற அந்த வார்த்தை வந்துடும்."

"மோனே, அவ மேல தப்பில்லைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சு என்ன? உங்க ரெண்டு பேரையும் ஒரே மூச்சுல கூப்பிட்டுப் பழகின வாய் இது. அவளை மட்டும் கூப்பிட்டா உன்னை நானே வெட்டி எடுத்த மாதிரி இருக்கு. நாக்கு எழும்ப மாட்டேங்குது. நீயாவது அவகிட்ட சொல்லேன்."

அப்படியே போனது, சாயங்காலத்துக்கு ஒரு பத்தியாக, கடைசி நாள் வரைக்கும். எல்லாமே அவளைப் பற்றித்தான். ஒன்றுகூட அவளிடம் இல்லை. முடித்துவிட்டு, மனசு கேட்காமல், 'மோளே' என்று போட்டுப் பைல் முழுக்கத் தேடச் சொன்னாள். இல்லை என்றது.

மொய்துட்டி மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தார். "நான் வரட்டா மோளே? இது இங்கயே இருக்கட்டும். வாசகசாலைக்கு வேற பாத்துக்கலாம்." படியிறங்கும்போது திரும்பிப் படத்தைப் பார்த்தார், திட்டாமலே போனார்.

அவர் போன பிறகு லிஜி பைலை மூட உட்கார்ந்தாள். ம, க, ள, வெட்டு. கொஞ்சம் தயங்கி, ஒட்டு. அந்தத் தட்டல்களை அவள் காது உடனே அடையாளம் கண்டுகொண்டது. தினமும் சாயங்காலம் அடுக்களையில் நின்று கேட்டவை. திறக்க ஒரு தடவை, மூட ஒரு தடவை. தன்னை வெளியே நிறுத்திக் கதவடைக்கிற சத்தம் என்று நினைத்துப் பாத்திரத்தை இன்னும் ஓங்கித் தேய்த்திருக்கிறாள். அவர் தினமும் இரண்டு தடவை மகள் என்று கூப்பிட்டிருக்கிறார். அவள் ஒருநாளும் ஈரக் கையோடு அந்த அறை வாசலுக்குப் போய், என்ன அப்பச்சா என்று கேட்டதில்லை.